ஆவணத்திரள், ஆவணத்திரட்டு: ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

சிறுநகர ஆவணக்காப்பகங்களுக்கான பட்டியல் படிவத்தைத் தமிழில் அமைக்கும்போது மற்ற சொற்களுக்கெல்லாம் முன்பாக முடிவு செய்ய வேண்டியது, பிரெஞ்சிலிருந்து உலகெங்கும் பரவிய 'ஃபோன்' (fonds) என்ற ஆவணவியல் சொல்லுக்கான தமிழாக்கத்தைத்தான். ஒலிபெயர்த்து அப்படியே எழுதிவிடலாம் என்றொரு கருத்து வந்தது. எழுதினால் படிப்பவர் தொலைபேசி என்றே எடுத்துக்கொள்வார் என்பதால் அதை இத்துடன் விட்டுவிடலாம்.

ஒரு நகரமன்றமோ வணிக நிறுவனமோ குடும்பமோ தன் அன்றாட அலுவலை நடத்திவந்த காலத்தில் எழுதியும் பெற்றும் சேர்ந்துவிட்ட ஆவணங்கள் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்வதே அந்தப் பிரெஞ்சுச் சொல் குறிக்கும் கருத்து. பிரான்சின் உள்துறை அமைச்சகம் 1841 ஏப்ரல் 24-இல் மாவட்ட ஆவணக்காப்பகங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதற்கு விதி வகுத்தது. அதற்கு முன்பு, நூலகத்தில் நூல்களைப் பிரிப்பது போலப் பல இடங்களிலிருந்தும் வந்த தாள்களைப் பொருள்வாரியாகக் கலைத்து அடுக்கும் வழக்கமே மேலோங்கியிருந்தது. எந்த அலுவலகத்தில் பிறந்தனவோ அந்த அலுவலகத்தின் ஆவணங்களாகவே அவை சேர்ந்திருக்க வேண்டும், பிறர் ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்று அந்தச் சுற்றறிக்கை கூறியது. 1898-இல் முல்லர், ஃபெய்த், ஃப்ரைன் என்ற மூன்று டச்சு ஆவணக்காப்பாளர்கள் வெளியிட்ட 100 விதிகளும், இவ்வாறு சேர்ந்தவை ஓர் உயிருள்ள முழுமை என்ற கருத்தை மேலும் உறுதிப்படுத்தின.

சிறிய ஊர்க் காப்பகங்களில்தான் இந்த விதி எளிதில் மீறப்படுகிறது என்பது என் எண்ணம். ஊழியர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஆர்வமுள்ள தன்னார்வலர்கள் வந்து வரைபடங்களை ஓர் இழுப்பறையிலும் ஒளிப்படங்களை ஓர் உறையிலும் கடிதங்களை ஆண்டுவாரியாகப் பெட்டிகளிலும் பிரித்து வைத்துவிடுவார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். குடிநீர்த் திட்டக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவாசிகளின் விண்ணப்பம், பொறியாளரின் மதிப்பீடு, 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ள வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் காட்டியபடி' என்று எழுதிய கடிதம், அந்த வரைபடம், இறுதியில் மன்றத் தீர்மானத்தின் நகல் ஆகியவை அதில் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கும். வரைபடத்தை உருவி இழுப்பறைக்கு மாற்றியதும், கடிதம் எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் போகிறது. தேதியும் கையொப்பமும் இல்லாத வரைபடமோ, யார் எதற்காக வரைந்தது என்று சொல்ல முடியாத ஒரு தாளாகிவிடுகிறது. தாள் ஒன்றுகூடத் தொலையவில்லை, ஆனாலும் சான்று போய்விட்டது. பாதுகாப்புக்காக வரைபடத்தை விரித்துத் தனியே வைக்க நேர்ந்தால், எடுத்த இடத்தில் குறிப்புத்தாள் வைத்துப் பட்டியலில் இரண்டையும் இணைத்துக் காட்ட வேண்டும்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், 'ஒருவர் தேடிச் சேர்த்தது' என்ற பொருளைத் தரக் கூடாது. இதனால்தான் 'ஆவணத்தொகுப்பு' எனக்கு உடன்பாடில்லை. தொகுப்பு என்றாலே தொகுத்தவர் ஒருவர் முன்னே வந்து நிற்கிறார். 'தொகுதி' தேர்தலையும் நூலின் பாகத்தையும் நினைவூட்டுகிறது. 'மூலத்தொகை' வட்டிக்கணக்கில் போய் முடியும். 'வைப்பு', கொடையாளர் காப்பகத்தில் ஒப்படைப்பதைக் குறிக்கத் தேவைப்படும் என்பதால் அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

என் பரிந்துரை 'ஆவணத்திரள்'. உருள்–உருட்டு, புரள்–புரட்டு போல, திரள்–திரட்டு என்ற இணையில் முன்னது தானாக நிகழ்வது, பின்னது பிறர் செய்விப்பது. பழம்பொருள் ஆர்வலர் ஒருவர் பல இடங்களில் வாங்கிச் சேர்த்துக் காப்பகத்துக்குக் கொடுத்த அஞ்சலட்டைகள் ஆவணத்திரட்டு. நகரமன்றத்தில் அலுவல் நடக்க நடக்கச் சேர்ந்தவை ஆவணத்திரள். ஆவணவியல் வற்புறுத்தும் வேறுபாட்டைத் தமிழின் தன்வினை–பிறவினை அமைப்பே தாங்கிக்கொள்கிறது. ஓரிரு எழுத்து வேறுபாட்டில் குழப்பம் வரும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் சுருளையும் சுருட்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே.

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும். 'மக்கள் திரள்' என்பது போல ஒழுங்கின்மை தொனிக்கிறது என்றார் ஒருவர். உள்ளே இருக்கும் வரிசையைக் காப்பது தனியான ஒரு நெறி. அதற்கு 'மூல ஒழுங்கு' என்ற சொல் இருக்கட்டும், எல்லாப் பொருளையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. மற்ற மறுப்பு இதைவிட வலுவானது: கலைந்துபோன ஒரு சங்கத்தின் ஆவணங்களில் ஒரே ஒரு நடவடிக்கைக் குறிப்பேடுதான் மிஞ்சியிருக்கிறது என்றால், அதைத் திரள் என்பது எப்படி? ஆவணவியலின்படி அந்த ஒற்றைக் குறிப்பேடும் தன்னளவில் ஒரு திரளே, ஏனெனில் எண்ணிக்கையைக் கொண்டு அதை அளப்பதில்லை, யாருடைய செயலில் பிறந்தது என்பதே அளவுகோல். பொதுவழக்கில் இது உறுத்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; கலைச்சொல்லுக்கு வரையறை எழுதும்போது 'எஞ்சியவை ஒன்றாயினும்' என்று சேர்த்துவிட்டால் போதும்.

பன்னாட்டு ஆவணக்காப்பகப் பேரவை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட விவரிப்பு நெறியின், அதாவது ஆவணங்களைப் பட்டியலில் எப்படி விவரிப்பது என்று கூறும் நெறியின், இரண்டாம் பதிப்பு, திரளிலிருந்து ஒற்றைத் தாள் வரை படிப்படியாக இறங்குகிறது. அந்தப் படிகளுக்குத் திரள், வரிசை, கோப்பு, உருப்படி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நெறியில் உள்ள 26 கூறுகளில், பன்னாட்டுப் பரிமாற்றத்துக்கு இன்றியமையாதவை ஆறு: குறியீட்டு எண், தலைப்பு, தோற்றுநர், காலம், அளவு, விவரிப்பு நிலை. தோற்றுநர் என்பது யாருடைய அலுவலில் ஆவணங்கள் சேர்ந்தனவோ அவரை அல்லது அந்த அமைப்பைக் குறிக்கும்; அதற்கு 'ஆசிரியர்' என்று எழுதாதீர்கள். விண்ணப்பத்தை எழுதியவர் தெருவாசி. ஆனால் அது சேர்ந்த திரளுக்குத் தோற்றுநர் நகரமன்றம்.

'வரிசை' என்பதற்குப் பதிலாகத் 'தொடர்' வேண்டும் என்போர், அடுத்த படிவ வரைவு அனுப்பப்படுவதற்கு முன் காரணத்தோடு எழுதுங்கள். வரிப்பதிவேடுகள் ஆண்டுதோறும் ஒரே வடிவில் தொடர்ந்து வருவதால் 'தொடர்' பொருந்தும் என்பதும் எனக்குப் புரிகிறது.