பாளை வீட்டுக் குரூப்: செந்திலுக்கு ஒரு ரைபிள்

ஆகஸ்ட், சனிக்கிழமை, பிட்ஸ்பர்க் நேரம் இரவு 8:40

செந்தில்: ரவி அத்தான், கிரீன் கார்டு கைக்கு வந்துட்டு. இந்த வருஷம் மான் சீசனுக்கு உங்ககூட வரலாம்னு இருக்கேன். எல்லாம் சேத்து 800 டாலருக்கு மேல முடியாது. என்ன ரைபிள் வாங்கலாம்?

வித்யா அக்கா: ஏல, என்ட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா

செந்தில்: இப்ப சொல்லுதேம்லா

பெரியம்மா: மானா? மானைச் சுட்டா ஜெயில்ல போட்டுருவான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்

ரவி அத்தான்: அத்தை, அது நம்மூர்ல, 1972 சட்டம். இங்க பென்சில்வேனியால அரசாங்கமே லைசென்ஸ் குடுத்து வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல சுட விடுது. இது வெள்ளைவால் மான். அதைத் தின்ன ஓநாயும் இல்ல, மலைச்சிங்கமும் இல்ல, ரெண்டையும் எப்பவோ அழிச்சாச்சு. காட்டுல புதுக் கன்னு முளைச்சா மேஞ்சு தீத்துருது.

பெரியம்மா: அதுக்கு நம்ம வீட்டுப் பிள்ளைதான் கிடைச்சானாக்கும்

கார்த்தி (டல்லாஸ்): செந்திலண்ணே!! 300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா போடுற ரைபிளா எடுங்க. இல்லன்னா 6.5 கிரீட்மோர். ஒருத்தன் 1000 யார்டுல தட்டை அடிக்கான், வீடியோ அனுப்பட்டா?

ரவி அத்தான்: நீ சுட்டுப் பாத்துருக்கியா கார்த்தி?

கார்த்தி: வீடியோ பாத்துருக்கேன் 😁

ரவி அத்தான்: 1000 யார்டை எங்க காட்டுல எங்க போய்த் தேட? ஓக்கு, மேப்பிள், நடுவுல இடுப்பு உயரத்துக்கு லாரல் புதர். 100 யார்டு தாண்டி மான் நின்னா கண்ணுக்கே தெரியாது. டெக்சாஸ் மாதிரி மேடை போட்டு வயக்காட்டைப் பாத்துட்டு உக்காருறது வேற கதை.

ரவி அத்தான்: கிரீட்மோரைக் குறை சொல்ல மாட்டேன். உதை (சுடும்போது ரைபிள் தோள்ல வந்து இடிக்கிறது) கம்மி, 2007ல வந்தது, இப்போ எல்லாக் கடையிலயும் தோட்டா கிடைக்கும். மேக்னம்தான் கூடவே கூடாது. புதுசா சுடுதவன் தோள்ல அது ரெண்டு பெட்டி உதைச்சாப் போதும், டிரிகரைத் தொடும்போதே கண்ணை மூடப் பழகிருவான். அந்தப் பழக்கம் லேசுல போகாது. வயித்துல குண்டு வாங்குன மான் ராத்திரி முழுக்கக் காட்டுல கிடந்து சாகும். அத்தை, பாவம்னா அதுதான்.

செந்தில்: அப்போ எது?

ரவி அத்தான்: .243, 7எம்எம்-08, .308. மூணும் தோட்டா அளவு, ஒரே குடும்பம். .308 தோட்டாவோட கூட்டுக் கழுத்தை இறுக்கித்தான் மத்த ரெண்டையும் செஞ்சான். .243 உதைக்கிறது .308 உதைக்கிறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். 100 கிரெயின் எடைக் குண்டை முன்னங்காலுக்குப் பின்னால சரியா வச்சா மானுக்கு அது தாராளம். எடம் தப்புனா மன்னிக்காது. .308 கொஞ்சம் மன்னிக்கும், தோட்டாவும் சின்ன ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் கிடைக்கும். நடுவுல 7எம்எம்-08. எனக்குப் பிடிச்சது அதுதான், ஆனா எல்லாக் கடையிலயும் இருக்காது.

வித்யா அக்கா: என் ஆபீஸ்ல எல்லாவனும் தாத்தாவோட 30-06 ரைபிள்தான்ங்கான்

ரவி அத்தான்: 1906லருந்து ஓடுது, ஒரு குத்தமும் இல்ல. தாத்தா சும்மா குடுத்தா வாங்கிக்கோ. காசு போட்டு முதல் துப்பாக்கியா வாங்க வேண்டாம், உதைக்கும்.

கார்த்தி: ஏஆர்-15 உதைக்கவே உதைக்காதே?

ரவி அத்தான்: பென்சில்வேனியால மானுக்கு அது மாதிரி தானா அடுத்த குண்டை ஏத்துற செமி ஆட்டோமேட்டிக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கையால ஏத்தணும். போல்ட் (பக்கத்துல இருக்க கைப்பிடியைத் தூக்கி இழுக்கிறது), லீவர் (டிரிகரைச் சுத்தி இருக்க வளையத்தை இறக்கி ஏத்துறது), இல்ல ஒத்தைக் குண்டு.

வித்யா அக்கா: ஆமா, இவன் நொட்டாங்கைலா? கடையில இருக்கதெல்லாம் சோத்துக்கைக்குத்தானே இருக்கும்

ரவி அத்தான்: அட, நல்ல நேரத்துல சொன்ன. செந்தில், கை கிடக்கட்டும், முதல்ல கண்ணைப் பாரு. ரெண்டு கையையும் நீட்டி விரல்களைச் சேத்து நடுவுல ஒரு சின்ன ஓட்டை வையி. ரெண்டு கண்ணும் தொறந்து அது வழியா தூரத்துல ஒரு லைட்டைப் பாரு. அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடு.

செந்தில்: வலது கண்ணை மூடினா லைட் அப்படியே நிக்கி. இடதை மூடினா ஓடிப் போயிருது

ரவி அத்தான்: அப்போ இடது கண்ணு, இடது கை. சந்தேகமே வேண்டாம், இடக்கை போல்ட். சிலருக்கு கை ஒண்ணு, கண்ணு ஒண்ணா இருக்கும், அவங்க பாடுதான் திண்டாட்டம். இந்த விலையில சாவேஜ் ஆக்சிஸ்லயும் ரூகர் அமெரிக்கன்லயும் இடக்கை மாடல் வருது. எல்லாத் தோட்டாவுக்கும் இருக்காது, கடைக்காரன்ட்டச் சொல்லி வரவழைக்கணும். அதனால இப்பவே கேளு, நவம்பர்ல போயி நின்னா கிடைக்காது.

கார்த்தி: கௌபாய் மாதிரி லீவர்? அதுக்கு இடது வலது கிடையாதே

ரவி அத்தான்: யோசனை நல்லதுதான். மார்லின் 336, 30-30 தோட்டா, இந்தக் காட்டுக்குன்னே செஞ்சது. ஒரு காலத்துல ஏழை வேட்டைக்காரன் துப்பாக்கி. இப்போ பழசே இவன் பட்ஜெட்டை முழுங்கிரும்.

செந்தில்: பழசுல போல்ட் பாக்கலாமா? ஒரு ரெமிங்டன் 700 பாத்தேன், 400 சொல்லுதான்

ரவி அத்தான்: இடக்கையா?

செந்தில்: இல்ல

ரவி அத்தான்: அப்போ விடு. பொதுவாச் சொல்லுதேன்: பழைய 700 யார் வாங்கினாலும் டிரிகர் எந்த மாடல், மாத்தியிருக்கான்னு கேக்கணும். 2014ல ஒரு மாடல் டிரிகருக்காகக் கம்பெனியே திரும்ப வாங்கிச் சரி பண்ணுச்சு. பழசுல குழல் வாய்ப்பக்கம் அடி, உள்ள துரு, ஆடுற போல்ட், இதையெல்லாம் பாக்கத் தெரிஞ்சவன் கூட இருக்கணும்.

செந்தில்: சரி, கணக்கு போடுங்க

ரவி அத்தான்: ரைபிள் 450க்குள்ள. ஸ்கோப் (குறி பாக்குற தொலைநோக்கி) 150, 3லருந்து 9 மடங்கு பெருசாக் காட்டுறது போதும், காட்டுல 3லயே வச்சிரு. ரைபிளும் ஸ்கோப்பும் சேத்துப் பொட்டலமா விக்கிறதை வாங்காத. அந்த ஸ்கோப்பு மத்தியானம் நல்லாத் தெரியும். மான் வர்றது விடியலும் அந்தியும். சூரியன் உதிக்கிறதுக்கு அரை மணி முன்ன சுட ஆரம்பிக்கலாம், அந்த நேரத்துல அது வழியாப் பாத்தா வெறும் சாம்பல். ஸ்கோப்பை மாட்டுற ரிங்ஸ் என்ட்டச் சும்மா கிடக்கு, தாறேன். ஆரஞ்சு தொப்பியும் வெஸ்ட்டும் 30, அது சட்டம். லைசென்ஸ் 21 கிட்ட. கேம் கமிஷன் (மாநில வேட்டைத் துறை) நடத்துற வகுப்பு நேர்ல போனா இலவசம். மிச்சம் முழுக்க தோட்டாவுக்கு.

செந்தில்: மிச்சம் 150 வருதே! அவ்வளவும் தோட்டாவுக்கா?

ரவி அத்தான்: பெட்டிக்கு 20 தோட்டா, விலை 30லருந்து 40 டாலர். நாலு பெட்டிதான் தேறும். நூறு டாலர் கூடுதலா ரைபிளுக்குப் போட்டு ஒரு பெட்டி தோட்டாவோட காட்டுக்கு வர்றவன் நிறைய. இன்னிக்கு வர்ற மலிவு ரைபிளே சுடுறவனைவிட நல்லாச் சுடும். செலவு பண்ண வேண்டியது உன் தோளுக்கும் விரலுக்கும்.

கார்த்தி: அத்தான், அப்படியே எனக்கும் ஒண்ணு உங்க பேர்ல வாங்கிருங்களேன். காசு அனுப்பிருதேன்

ரவி அத்தான்: டேய்!! இதை எழுத்துல போடாத. துப்பாக்கி வாங்கும்போது நிரப்புற ஃபார்ம் 4473ல முதல்லயே கேப்பான், உண்மையா வாங்குறவன் நீதானான்னு. அடுத்தவன் காசுல அவனுக்காக வாங்கிட்டு ‘ஆமா’ன்னு எழுதினா ஃபெடரல் குற்றம்.

வித்யா அக்கா: நான் தம்பிக்குப் பிறந்தநாளுக்கு என் காசுல வாங்கிக் குடுத்தா?

ரவி அத்தான்: அது பரிசு, அது சரி. அவன்ட்டக் காசு வாங்கினா சரியில்ல. அதோட கார்த்தி, நீ எச்-1பி. அந்த விசால இருக்கவன் துப்பாக்கி வச்சிருக்கவே கூடாது. ஒரே விலக்கு மாதிரி உனக்கு ஒத்து வர்றது, ஏதாவதொரு மாநிலத்தோட வேட்டை லைசென்ஸ். அதுவும் காலாவதி ஆகாததா இருக்கணும்.

கார்த்தி: நிஜமாவா? இங்க ஆபீஸ்ல ஒருத்தன் சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு வாடான்னு கூப்பிட்டுட்டே இருக்கான்

ரவி அத்தான்: போயிராத. டெக்சாஸ்ல ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடி, லைசென்ஸ் எடு, உன் விசா வக்கீல்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அப்புறம் போ.

பெரியம்மா: வீட்ல மூணு வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு துப்பாக்கியாம்

வித்யா அக்கா: பெரியம்மா கேக்கதுல ஞாயம் இருக்கு. செந்தில், எங்க வைப்ப?

செந்தில்: கூட ஒரு கேபிள் லாக், கம்பிப் பூட்டு, வரும்லா

ரவி அத்தான்: அது மட்டும் போதாது. போல்ட்டைக் கழட்டி ஒரு எடம், தோட்டா பூட்டுன பெட்டியில வேற எடம், ரைபிள் வேற எடம். சாவி உன் கழுத்துல. இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் ரிங்ஸ் தருவேன்.

செந்தில்: சரி அத்தான்

வித்யா அக்கா: கறியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமா? ஈயம் இருக்கும்ங்காங்களே

ரவி அத்தான்: ஈயக் குண்டு உடைஞ்சு கறில பொடியாச் சிதறும், உண்மைதான். பழகுறதுக்கு ஈயம், சீசனுக்கு ஒரு பெட்டி செம்புக் குண்டு. விலை கூட. ரெண்டையும் ஒரே எடத்துல விழும்னு நினைச்சிராத, செம்புல ஒரு தடவை மறுபடி ஜீரோ பண்ணணும், அதாவது குறியும் குண்டு விழுற எடமும் ஒண்ணாகுற மாதிரி ஸ்கோப்பைத் திருத்தணும்.

பெரியம்மா: எனக்கு இதுல சம்மதமே இல்ல. ஆனா வாங்கினா நொட்டாங்கைக்கு ஏத்ததா வாங்கு, மத்ததை வாங்கிக் கண்ணுல இடிச்சிக்காத

ரவி அத்தான்: அத்தை சரியாச் சொல்லிட்டாங்க, ஸ்கோப்புக்கும் புருவத்துக்கும் மூணு இஞ்சுக்கு மேல எடம் இருக்கணும் 😂

ரவி அத்தான்: செந்தில், இப்போதைக்கு ஒண்ணும் வாங்காத. வர்ற சனிக்கிழமை காலைல கேம் கமிஷனோட கேம் லேண்ட் ரேஞ்சுக்கு வா. என் .243யும் பக்கத்து வீட்டுக்காரர் .308யும் கொண்டு வாறேன். ரெண்டும் வலக்கை போல்ட்தான், உதை தெரிஞ்சிக்கிடப் போதும். அஞ்சஞ்சு குண்டு சுடு. எதுல கண்ணை மூடலையோ அதைக் கடைக்காரன்ட்டச் சொல்லு.

செந்தில்: எத்தனை மணிக்கு?

ரவி அத்தான்: எட்டுக்கு. காது மூடி என்ட்ட ஒண்ணுதான் இருக்கு, உனக்கு நீயே வாங்கிட்டு வா.

செந்தில்: 800லயா?

ரவி அத்தான்: 800லதான்.