கலைச்சொல் விவாதம்: ஸ்டேஜ் பிரசென்ஸ் என்பதற்கு ‘மேடை ஆளுமை’ போதுமா?

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

ராக் இசைச் சொற்களுக்கான நம் பட்டியலில் ‘ஸ்டேஜ் பிரசென்ஸ்’ என்பதற்கு எதிரே மேடைத் தோற்றம், மேடை இருப்பு, மேடைக்களை, மேடை ஆளுமை என்னும் நான்கு சொற்கள் முடிவின்றி நிற்கின்றன. இவற்றுள் எது செவிக்கு இனிது என்று பார்ப்பதற்கு முன், அந்த ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தும் ரசிகர்கள் அதைக்கொண்டு எதை அளக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. ஓர் இசைக்குழுவிலிருந்து ஒருவர் விலகி அவரிடத்தில் இன்னொருவர் வந்து நிற்கும்போதுதான் இச்சொல் அவர்களிடையே மிகுதியாகப் புழங்குகிறது. பாட்டு மாறவில்லை, பாடகர் மாறவில்லை, இருந்தும் மேடையில் ஏதோ ஒன்று கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று அவர்கள் உணர்வதன் பெயர் அது. ஆகவே, கிதார் கலைஞர்கள் அடுத்தடுத்து மாறிய அமெரிக்க ராக் இசைக்குழுவான கன்ஸ் அன் ரோஸஸை எடுத்துக்கொண்டு நான்கு சொற்களையும் உரசிப் பார்க்கிறேன்.

முதலில் ‘மேடைத் தோற்றம்’. அக்குழுவின் லீட் கிதார் கலைஞரான ஸ்லாஷை நினைத்தவுடன் உயரமான கறுப்புத் தொப்பியும், முகத்தை மூடி விழும் சுருள்முடியும், தாழத் தொங்கவிட்ட லெஸ் பால் கிதாரும் கண்முன் வருகின்றன என்பது உண்மைதான். அவர் 1996இல் விலகிச் சில ஆண்டுகள் கழித்து, 2000இல் குழுவுக்கு வந்த பக்கெட்ஹெட், உணர்ச்சி எதையும் காட்டாத வெள்ளை முகமூடியை அணிந்து, வறுத்த கோழி விற்கும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசித்தார். மேடையில் பேசுவதில்லை, ஆனால் இயந்திர மனிதனைப் போல் ஆடுவார், நஞ்சாகு என்னும் சங்கிலியால் இணைத்த இரட்டைத் தடியைச் சுழற்றுவார், பார்வையாளர்களுக்குப் பொம்மைகளை எடுத்துக் கொடுப்பார். கண்ணைக் கவரும் தோற்றம் என்ற அளவில் இவர் ஸ்லாஷையே விஞ்சியவர். 2009இல் வந்த டிஜே ஆஷ்பாவோ தொப்பியிலும் நிற்கும் பாணியிலும் ஸ்லாஷின் சாயலை நினைவூட்டியவர்; ரசிகர்களில் ஒரு சாரார் அவரைக் குறை சொன்னதற்கும் அந்தச் சாயலே காரணம். தோற்றமே அளவுகோல் என்றால் ஆஷ்பா அன்றே தேறியிருக்க வேண்டும். அவரை ஏற்காதவர்கள் ‘தோற்றம் இருக்கிறது, மற்றது இல்லை’ என்று பிரித்துப் பேசினார்கள். நமக்குச் சொல் வேண்டியது அந்த ‘மற்றது’க்குத்தான்.

‘மேடை இருப்பு’ பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. இருப்பு என்றவுடன் தமிழருக்குக் கடைச் சரக்கும் வங்கிக் கணக்கும் நினைவுக்கு வருகின்றன; தத்துவக் கட்டுரைகளில் வேண்டுமானால் அச்சொல் வேறு பொருளில் வாழட்டும்.

‘மேடைக்களை’ எனக்குப் பிடித்த சொல். கச்சேரி களைகட்டியது என்று நாம் இயல்பாகச் சொல்வதால் அதற்கு மண்ணின் வலு இருக்கிறது. ஆனால் களைகட்டுவது நிகழ்ச்சி. ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது களை அவருடைய முகத்துக்குப் போய்விடுகிறது. முகமே தெரியாத இரண்டு கிதார் கலைஞர்களை ஒப்பிடுகையில் முகக்களையை நினைவூட்டும் சொல் எப்படிப் பொருந்தும்? ‘இவரிடம் மேடைக்களை அதிகம்’ என்று எழுதினால், யாராவது அதைப் பிடுங்கி எறியச் சொல்வார்கள் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

இனி ‘மேடை ஆளுமை’. இது ஏற்கெனவே பலரும் எழுதும் சொல் என்பதால் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. இதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. ஒன்று, இன்றைய எழுத்துத் தமிழில் ஆளுமை என்பது ஆளையே குறிக்கத் தொடங்கிவிட்டது. இலக்கிய ஆளுமைகள், அரசியல் ஆளுமைகள் என்று எழுதுகிறோம். எனவே ‘குழுவின் மேடை ஆளுமைகள் மூவர்’ என்ற தொடரைப் படிப்பவர் மூன்று மனிதர்களைப் புரிந்துகொள்வார், ஒரு பண்பைப் புரிந்துகொள்ள மாட்டார். மற்றொன்று இதைவிட ஆழமானது. ஆளுமை ஒருவருக்குள்ளேயே இருப்பது, அவர் எங்கே போனாலும் உடன் போவது. ஆனால் ரசிகர்கள் அளப்பதோ இடத்துக்கு இடம் மாறுவது.

ரிச்சர்ட் ஃபோர்டஸை எடுத்துக்கொள்வோம். அவர் 2002இல் குழுவில் சேர்ந்தபோது ராபின் ஃபிங்க், பக்கெட்ஹெட் ஆகியோருடன் மூன்று கிதார் கலைஞர்களில் ஒருவராக நின்றார். உடலை வளைத்துத் திருகிக்கொண்டே வாசிக்கும் ஃபிங்குக்கும் வாளியணிந்த பக்கெட்ஹெட்டுக்கும் நடுவே ஒருவர் கவனிக்கப்படாமல் போவது வியப்பன்று. 2012 டிசம்பரில் அக்குழு பெங்களூருக்கு வந்தபோதும் ஆஷ்பா, பம்பிள்ஃபுட் ஆகியோரோடு அவர் மூவரில் ஒருவர்தான். 2016இல் ஸ்லாஷ் திரும்பி வந்து கிதார் கலைஞர்கள் இருவராகக் குறைந்தபோது, மேடையின் ஒரு பக்கம் முழுவதும் ஃபோர்டஸின் பொறுப்பில் வந்தது. அதன்பின் அவரைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்களைப் போல் ரசிகர்கள் பேசுகிறார்கள். அவருடைய ஆளுமை 14 ஆண்டுகளுக்குப் பிறகு திடீரென்று வளர்ந்துவிடவில்லை. அவர் நிற்கும் இடமும் அருகில் நிற்பவரும் மாறினர். ஆகவே நாம் தேடும் சொல், ஒருவர் என்னவாக இருக்கிறார் என்பதைச் சொல்லாமல், மேடையில் தமக்குக் கிடைத்த இடத்தை அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும்.

தமிழ் வழக்கில் அதற்கு வினை ஏற்கெனவே இருக்கிறது. ‘ஒற்றை ஆளாக மேடையை நிறைத்து நின்றார்’ என்று நாடகத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் எழுதுகிறோம். அவ்வினையிலிருந்து ‘மேடைநிறைப்பு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். ‘மேடைநிறைவு’ என்று ஏன் வைக்கவில்லை என்றால், நிறைவு விழா, நிறைவுரை என்ற வழக்குகளால் நிறைவு என்பது முடிவைக் குறித்துவிட்டது. நிகழ்ச்சி முடிந்துவிட்டதோ என்று படிப்பவர் மயங்குவார். ‘அரங்குநிறைப்பு’ என்றும் வைக்க முடியாது. அரங்கு நிறைந்தால் அது நுழைவுச்சீட்டு விற்றுத் தீர்ந்ததைக் குறிக்கும். ‘அரங்கு நிறைந்த காட்சிகள்’ என்று திரைப்பட விளம்பரங்கள் நம் தலைமுறைகளுக்கே பழக்கிவைத்திருக்கின்றன. அரங்கு என்ற சொல் ஆடுமிடத்தையும் பார்ப்போர் இருக்குமிடத்தையும் சேர்த்தே குறிப்பதால், இங்கே மேடை என்றே வரையறுக்க வேண்டும்.

இச்சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. வாசிப்புத் திறனிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டலாம். 2006இல் வந்த பம்பிள்ஃபுட் இரட்டைக் கழுத்துள்ள கிதாரை வாசித்தார். அதில் ஒரு கழுத்தில் மெட்டுகளே, அதாவது சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கட்டைகளே, கிடையாது. வீணையில் மெட்டின் அருமை அறிந்தவர்களுக்கு, மெட்டில்லாத கழுத்தில் அத்தனை விரைவில் சுரம் பிசகாமல் வாசிப்பதன் கடினம் விளங்கும். அவருடைய கைத்திறனை மறுக்காத ரசிகர்களும் அவருடைய மேடைநிறைப்பைப் பற்றி ஓயாமல் வாதிட்டார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால் அந்த வாதமே புரியாமல் போய்விடும்.

குழுவினரின் கருத்தறிய விழைகிறேன்.

மறுமடல்

அன்பின் ஐயா, வணக்கம்.

தாங்கள் எடுத்துக்காட்டிய ஃபோர்டஸின் நிலை என்னை யோசிக்க வைத்தது. ‘ஆளுமை’ ஆளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது என்பதையும் ஏற்கிறேன். எனினும் மூன்று தடைகளை முன்வைக்கிறேன். நிறைப்பு என்றால் ஓடியாடி இடத்தை அடைத்துக்கொள்வது என்றே பொதுமக்கள் கொள்வர். அசையாமல் நின்று மேடையைத் தன்வசமாக்குபவர்களை இச்சொல் விட்டுவிடாதா? அடுத்து, திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் இருக்க, அவை என்ற பழஞ்சொல்லை விட்டுவிட்டு மேடையைப் பிடித்துக்கொள்வானேன்? ‘அவையாட்சி’ என்றால் சுருக்கமாகவும் இருக்குமே. மூன்றாவதாக, நாளிதழ்கள் ‘மேடை ஆளுமை’யை எழுதிப் பழகிவிட்டன, வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பெயர்ப்பது நம் வேலையா?

அன்புடன்.

மறுமடலுக்கு மறுமொழி

அன்பின் ஐயா, வணக்கம்.

முதல் தடைக்கு அக்குழுவின் வரலாற்றிலிருந்தே விடை சொல்லலாம். 2016 ஏப்ரல் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் ட்ரூபடோர் அரங்கில் ஸ்லாஷ் மீண்டும் குழுவோடு வாசித்த அந்த முதல் நிகழ்ச்சியிலேயே, பாடகர் ஆக்சல் ரோஸ் பாதத்தை முறித்துக்கொண்டார். மேடையின் இரு முனைகளுக்கும் ஓடிப் பாடுவதற்கே பெயர்பெற்ற அவர், அடுத்து வந்த நிகழ்ச்சிகளில் ஃபூ ஃபைட்டர்ஸ் இசைக்குழுவின் பாடகர் டேவ் குரோலிடமிருந்து இரவல் பெற்ற பெரிய அரியணையில் அமர்ந்து பாடினார். மேடை வெறிச்சோடவில்லை. நிறைத்தலுக்கு அசைவு தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அமர்ந்தே பாடும் நம் கச்சேரிக் கலைஞர்களைப் பற்றியும் ‘மேடையை நிறைத்தார்’ என்று சொல்கிறோம் அன்றோ?

அசையாத கிதார் கலைஞர் என்றால் இசி ஸ்ட்ராட்லினைத்தான் சொல்ல வேண்டும். மேடையின் முன்விளிம்பை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, பெரும்பாலும் பின்னால் நின்று, பாட்டின் தாளக்கட்டைத் தாங்கும் ரிதம் கிதார் வாசித்தவர் அவர். 1991 நவம்பரில் அவர் விலகியதும் கில்பி கிளார்க் வந்தார். 1993இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கில்பியின் மணிக்கட்டு முறிந்தபோது, டெல் அவிவ், ஏதென்ஸ், இஸ்தான்புல் நகரங்களில் ஒவ்வொன்றும் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் இரண்டுமாக ஐந்து நிகழ்ச்சிகளுக்கு இசியே திரும்பி வந்து வாசித்தார். முன்னவரும் பின்வந்தவரும் சில வார இடைவெளியில் ஒரே இடத்தில் நின்றதால், இவ்விருவரையும் ஒப்பிடும் ரசிகர்களுக்கு அச்சுற்றுப்பயணம் இன்றும் வாதப் பொருளாக இருக்கிறது. இசியின் பக்கம் பேசுபவர்கள் அவர் எதையும் செய்யாமல் நின்றதையே மேடைநிறைப்பு என்கிறார்கள். கில்பியின் பக்கம் பேசுபவர்களோ, அந்தப் பெரிய விளையாட்டுத் திடல்களில் மேடையை முழுதும் பயன்படுத்தியவர் அவர்தான் என்கிறார்கள். இவர்களுள் நான் முதல் சாராரோடு நிற்பவன். ஆனால் நம் சொல் இரு சாராருக்கும் பயன்பட வேண்டும், ‘மேடைநிறைப்பு’ பயன்படுகிறது.

இரண்டாவது தடை. அவையறிதல் கேட்போரின் தரத்தை உணர்ந்து பேசுவது; அவையஞ்சாமை அவர்கள்முன் நடுங்காமல் பேசுவது. இரண்டும் பேசுபவரின் அறிவையும் துணிவையும் பற்றியவை. அவையஞ்சாமையை மேடையச்சத்தின் எதிர்ச்சொல்லாக அப்படியே வைத்துக்கொள்ளலாம், அதைவிடச் சிறந்த சொல் நமக்குக் கிடைக்காது. ஆனால் மேடையச்சம் நிரம்பியவர் மேடையை நிறைப்பதும், சிறிதும் அஞ்சாதவர் வந்துபோனதே தெரியாமல் போவதும் நாம் காண்பவையே. ‘அவையாட்சி’யைக் கேட்பவர் நாடாளுமன்றத்தை நினைப்பார்.

வழக்கில் இருக்கும் சொல்லைப் பெயர்க்க நான் சொல்லவில்லை. ‘மேடை ஆளுமை’ ஒருவரை ஒட்டுமொத்தமாகப் புகழ்வதற்கு நாளிதழ்களில் இருக்கட்டும். இருவரை ஒப்பிட்டு ஆராயும் இடத்தில், கலைச்சொல் என்ற அளவில், ‘மேடைநிறைப்பு’ வேண்டும்; ‘மேடைநிறைப்பாளர்’, ‘மேடைநிறைப்பு குன்றியவர்’, ‘மேடையை நிறைத்தல்’ என்று அது கிளைப்பதற்கும் தடையில்லை.

பட்டியலில் சேர்ப்பதற்கான விளக்கத்தை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: ‘மேடைநிறைப்பு: நிகழ்த்துபவர் ஒருவர், அசைவாலோ அசையாமையாலோ, மேடையில் தமக்குரிய இடத்தைப் பார்ப்போரின் கவனத்தில் வெறுமையின்றி வைத்திருத்தல், வாசிப்புத் திறனிலிருந்தும் உடைத்தோற்றத்திலிருந்தும் வேறானது.’ சொற்களைச் சுருக்க முடியுமானால் திருத்தித் தருக.

இதனோடு ஒட்டிய சொல் ஒன்றையும் முடித்துவிடலாம். விலகியவரிடத்தில் வருபவரைப் பட்டியலில் ‘பதிலி’ என்று குறித்திருக்கிறோம். ஐந்து நிகழ்ச்சிகளுக்காக வந்துபோன 1993ஆம் ஆண்டின் இசிக்கு அது சரி. 1991 டிசம்பர் முதல் 1994 வரை குழுவில் இருந்த கில்பியையும், இருபது ஆண்டுகளைக் கடந்தும் வாசித்துவரும் ஃபோர்டஸையும் பதிலி என்பது முறையன்று. தற்காலிகமாக நிற்பவருக்குப் ‘பதிலி’, இடத்தை ஏற்றுக்கொண்டவருக்குப் ‘பின்வந்தவர்’ என்று இரண்டாகப் பிரித்துப் பதியலாம் என்பது என் பரிந்துரை. மாற்றுக் கருத்து இருப்பின் தனி இழையில் எழுதுக.

அன்புடன்.