“என்னை இந்தியன் என்று நினைத்தாயா?” எகிப்துக் கடற்கரையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தாஹர்_அடுப்படி:

ஹுர்கடாவில் மூன்று வருஷம் ஓட்டல் சமையலறை வேலை. வீடு தாஹர் என்கிற பழைய நகர்ப் பகுதியில். அங்கே இருந்தவர்களுக்கு மைக்ரோபஸ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன் சீட்டுக்காரர் தோளைத் தட்டிக் காசை நீட்டினால் கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போகும், மீதியும் அதே வழியில் வரும்.

2024 மார்ச் 6 கழிந்து ஒரு வாரம் இருக்கும். டாலருக்கு 31 பவுண்டு என்று இருந்தது ஒரே நாளில் 50 பக்கம் போயிருந்தது. என் சம்பளம் பவுண்டில். ஊருக்கு அனுப்பினால் எவ்வளவு தேறும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி ஊரின் இன்னொரு பகுதியான ஸகாலாவிலிருந்து மைக்ரோபஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒருவருக்கும் டிரைவருக்கும் சில்லறைத் தகராறு. அவர் கத்தினார்: “இன்த்த ஃபாக்கிர்னி ஹிந்தி?” என்னை என்ன இந்தியன் என்று நினைத்தாயா? அதாவது, ஏமாந்தவன் என்று.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அப்புறம் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கத்தியவர்தான் கடைசியாகத் திரும்பினார். முகம் செத்துப்போயிற்று. நெஞ்சில் கை வைத்து “மஅலேஷ், மஅலேஷ்”, மன்னிச்சுக்கோ, என்றார். என் டிக்கெட்டுக்கும் அவரே கொடுத்தார் போல. நான் ஏற்கெனவே கொடுத்திருந்த பத்து பவுண்டு பிளாஸ்டிக் தாள் நாலு கை மாறி என் மடிக்கே வந்து சேர்ந்தது.

நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரித்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆழி_டைவர்:

என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் “ஹிந்தி? அமிதாப் பச்சன்!” மட்டும்தான், தினம் பத்துத் தடவை.

சினாய்க் கரையில் தஹபில் டைவ் கைடாக இருந்தேன். கரையை ஒட்டிய அந்தக் கடற்குழி, ப்ளூ ஹோல், தெரியும்தானே? பாறைச் சுவரில் இறந்தவர்கள் பெயர் பதித்த கல்வெட்டுகள் இருக்குமே, அங்கேதான். ஒரு வாடிக்கையாளர், ஒற்றை சிலிண்டரோடு ஆர்ச்சுக்குள், அதாவது குழியிலிருந்து வெளிக்கடலுக்குப் போகும் பாறை வளைவுக்குள், நீந்தி வெளியே போகணும் என்றார். வளைவின் மேல்விளிம்பே ஏறக்குறைய 55 மீட்டர் ஆழம். பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லை 40. அந்த ஆழத்தில் நைட்ரஜன் மண்டைக்கு ஏறும், மறுபக்கத்து வெளிச்சம் கைக்கெட்டும் தூரம் மாதிரி தெரியும். முடியாது என்றேன். காலையில் இன்னொருவரைப் பிடித்துப் போய்விட்டார்.

செத்தார் என்று எழுதப்போகிறேன் என்று நினைத்தீர்களா? இல்லை. நன்றாகத் திரும்பி வந்தார். “இதற்கா பயந்தாய்?” என்று கேட்டுவிட்டு, கடை விரிப்பில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் டீ சொன்னார். எங்கள் சிலிண்டர்களை பிக்கப்பில் ஏற்றி வரும் பதூயின் (பாலைவன அரபு இனம்) பெரியவர், முஸைனா குலத்துக்காரர், கண்ணாடி டம்ளரை வாங்கினார், ஒரு வார்த்தை பேசாமல் மணலில் ஊற்றினார், வண்டியை எடுக்கப் போய்விட்டார். சர்க்கரை கெட்டியாக அடியில் இருந்தது, அதுவும் மெல்ல வழிந்தது.

நான் அந்த டீயைக் குடித்தேன்.

ஷார்ம்_பழசு:

தாஹர் தம்பி, அது வசவே இல்லை. வெறும் வாய்ப்பழக்கம். “என்னைப் பார்த்தால் கேனையன் மாதிரி தெரியுதா” என்று நாம் சொல்வதில்லையா? நம்ப முடியாத கதை சொன்னால் “இது ஹிந்திப் படம்” என்பார்கள், அதற்கும் கோபப்படுவீர்களா? பவுண்டு விழுந்ததற்குப் புலம்புகிறீர்கள், உங்கள் பக்கத்தில் பாத்திரம் கழுவிய எகிப்தியனுக்கும் அதே பவுண்டுதான், அவனுக்குத் திரும்பிப் போக வேறு ஊர் கிடையாது.

என் கதை சின்னது. 2015 அக்டோபர் 31, ஷார்ம் எல் ஷேக்கிலிருந்து கிளம்பிய ரஷ்ய விமானம் சினாயில் விழுந்து 224 பேர் போனார்கள். பிரிட்டன், ரஷ்யா இரண்டும் விமானங்களை நிறுத்தின. டிசம்பரில் ஒரு காலை, எங்கள் ஓட்டலில் நானூறு பேருக்கான உணவுக்கூடத்தில் நாலு பேர். ஆம்லெட் போடுகிற பையன் வெறும் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இனிமேல் போகிறவர்கள் கவனியுங்கள். வேலை அனுமதிக்கு ஓட்டல் நிர்வாகமே விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாகப் பத்து எகிப்தியருக்கு ஒரு வெளிநாட்டவர் என்ற கணக்கு இருப்பதால், “வந்த பிறகு பார்க்கலாம்” என்கிறவனை நம்பாதீர்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை பார்த்தால் சம்பளம் தராவிட்டாலும் வாய் திறக்க முடியாது. சினாய்க்கு மட்டும் தரும் 15 நாள் முத்திரையோடு கெய்ரோ போகலாம் என்று கிளம்பாதீர்கள், செக்போஸ்டில் திருப்பி விடுவார்கள். கரண்ட் மீட்டர் பிரீபெய்டு கார்டு என்றால் வியாழக்கிழமையே காசு ஏற்றி வையுங்கள், வெள்ளி லீவு. தெருவில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டால் அது கேஸ் சிலிண்டர்காரன், ஓடிப் பிடியுங்கள். மாடித் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வாங்கினால் நிரப்பி முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். முக்கியமாக ஃபக்கா, சில்லறை. 200 பவுண்டுத் தாளை நீட்டினால் கடைக்காரர் மீதிக்கு டிஷ்யூ பாக்கெட் தருவார். அஞ்சு, பத்துத் தாள்களை உயிர் மாதிரி சேர்த்து வையுங்கள். இன்னொன்று, வாடகை ஒப்பந்தத்தில்...

ஸஃபாகா_கிரேன்:

ஷார்ம் அண்ணே, கையேடு யார் கேட்டது? அவர் கோபப்பட்டதாக எழுதவே இல்லை. சிரித்ததாகத்தான் எழுதியிருக்கிறார்.

நான் ஸஃபாகா துறைமுகத்தில் இருந்தேன். முதல் ரமலான். நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்கு சொல்ல ரெண்டு நிமிஷம், வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பையன்கள் குறுக்கே ஓடி வந்தார்கள். ஜன்னல் வழியே ஒருவன் பேரீச்சம்பழத்தைக் கையில் திணித்துவிட்டு “ஹிந்தி?” என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். பாஸ்போர்ட் வேறு காட்டணுமோ என்று பையைத் துழாவினேன். அவன் பிளாஸ்டிக் பையில் கட்டிய பழுப்புச் சாறு ஒன்றை மடியில் போட்டுவிட்டு அடுத்த காருக்கு ஓடிவிட்டான். குடித்தால் புளி! சர்க்கரை போட்ட புளிக்கரைசல், நம் பானகத்துக்குத் தம்பி. அதற்கு அங்கே தமர் ஹிந்தி என்று பேராம், இந்தியப் பேரீச்சை.

அவன் கேட்டது என்னையா, சாற்றையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாஹர்_அடுப்படி:

ஸஃபாகா, அதை எங்கள் சமையலறையில் வாரம் ஒரு அண்டா ஊறவைத்திருக்கிறேன், இப்படி யோசித்ததே இல்லை. ஷார்ம் அண்ணன் சொன்ன பாத்திரம் கழுவுகிற பையன் விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். டிஷ்யூவும் சரி.

ஒன்றை எழுதாமல் விட்டேன். ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் மீன் வாங்கப் போனேன். ஷஊர், நம் விளைமீன் ஜாதி. எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை, அதுவும் என் காது கேட்க. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது: “இன்த்த ஃபாக்கிர்னி ஹிந்தி?”

மீன்காரன் கையிலிருந்த கத்தி மீனின் மேலேயே நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன். இருவரும் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

விலையைக் குறைக்கவில்லை.