தம்பூரா வெறும் சாம்பிராணிப் புகையா?

கடலூர் ஓ.டி.
நண்பர் சொன்னதற்காக இந்த வாரம் மூன்று ஆல்பம் கேட்டேன்: இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966), ஜெர்மனி ராக் குழுவான கேனின் 'டாகோ மாகோ' (1971), அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (1971). முதலாவதிலும் கடைசியிலும் நம் தம்பூராவைச் சாம்பிராணிப் புகை மாதிரி பின்னால் போட்டிருக்கிறார்கள். நடுவில் உள்ளதில் 'அவும்ன்' என்று ஓங்காரத்தைப் பதினேழு நிமிடம் போட்டுப் பிசைகிறார்கள். ராகம் நிற்பதற்குத்தான் தம்பூராவின் விடாத சுருதி. ராகமே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

முத்தியால்பேட்டை
ஐயா, மூன்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 'ரிவால்வர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'டுமாரோ நெவர் நோஸ்' மட்டும் தனியாகக் கேளுங்கள். மேற்கத்தியப் பாட்டு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறி மாறித்தான் நகரும். இது கிட்டத்தட்ட முழுக்க ஒரே கார்டில் நிற்கிறது, மேலே வட்டமாக ஒட்டிய டேப் துண்டுகளின் ஒலிகள் வந்து வந்து போகின்றன. அந்தச் சுருதியை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை.

அப்புறம் ஆலிஸ். கணவர், சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967-ல் இறந்த பிறகு, தவித்துப்போய் சுவாமி சச்சிதானந்தரிடம் போனவர் அவர். சுவாமி கோவைப் பக்கம் செட்டிபாளையத்துக்காரர். தம்பூராவும் செசில் மெக்பீயின் பேஸும் தரை போட்ட பிறகுதான் ஆலிஸின் ஹார்ப், யாழ் மாதிரியான நரம்புக் கருவி, வருகிறது. அப்பா இறந்த வருஷம் இரவில் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டு அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு அது புகை இல்லை.

கடலூர் ஓ.டி.
தம்பி, துக்கத்தை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஆலாபனையில் பாடகர் எங்கே போகிறார், எப்போது ஷட்ஜத்துக்குத் திரும்புவார் என்று நான் கூடவே போக முடியும். ஆலிஸின் ஆல்பத்தில் வரும் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோனை அப்படிப் பின்தொடர முடியவில்லை. கேனில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அதே ஆல்பத்தின் 'ஹாலலூவா' பாட்டில் பதினெட்டு நிமிடம் தாளத்தைப் பிடித்து நிற்கும் அந்த டிரம்மர், ஜாக்கி லீபட்சைட், அசல் லயக்காரர்.

வில்லியனூர்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பெரியப்பா நாகஸ்வர செட்டில் சுருதிக்கான ஒத்துக் குழல் ஊதியவர். சாமி புறப்பாடு முழுக்க ஒரே ஸ்வரம், மூச்சு அறுபடக் கூடாது. சபாஷ் எல்லாம் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும்தான் போகும், அவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு சுருதிப் பெட்டி வந்தது, அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆலிஸின் ஆல்பத்தில் தம்பூரா மீட்டியவரின் பெயர் துளசி என்று மற்றவர்களோடு சேர்த்துப் போட்டிருக்கிறது. அதைப் படித்த அன்று பெரியப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். நாம் பின்வரிசையில் உட்கார வைத்த ஒலியை அவர்கள் முன்னால் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஐயா, நீங்கள் சாக்ஸஃபோனை விட்டுவிட்டுத் தம்பூராவோடு போய்ப் பாருங்கள். 'அவும்ன்' விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. மணிக்கணக்கில் வாசித்ததை கேன் குழுவின் ஹோல்கர் சூக்காய் வெட்டி ஒட்டித்தான் அந்த ஆல்பத்தை உருவாக்கினார், இதில் இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்.

முத்தியால்பேட்டை
வெட்டக் கூடாது. 'ஹாலலூவா' முடிந்த கையோடு அதைக் கேட்க வேண்டும். அவ்வளவு நேரம் காலுக்கடியில் இருந்த தாளம் விலகுகிறது, அந்தப் பயத்துக்காகத்தான் அவ்வளவு நீளம்.

கடலூர் ஓ.டி.
நேற்று ராத்திரி வில்லியனூர்க்காரர் சொன்னபடி தம்பூராவை மட்டும் பிடித்துக்கொண்டு ஆலிஸைக் கேட்டேன். சிறு வயதில் பாடலீஸ்வரர் கோயிலில் ஒத்து கேட்டவன் நான், காதுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. முதல் பாட்டு பிடிபட்டது. மேடையில் பதிவு செய்த கடைசிப் பாட்டில் மறுபடி வழி தவறினேன். 'அவும்ன்' பற்றி என் கருத்து மாறவில்லை.