ஊர் சுற்றப் போங்கள், மூட்டைப்பூச்சியைக் கூட்டி வராதீர்கள்

டொராண்டோவுக்குப் புதிதாக வந்து, முதல் லாங் வீக்கெண்டுக்கு மாண்ட்ரியலோ நயாகராவோ நியூயார்க்கோ கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். விசா, ஹோட்டல் வாடகை, எங்கே தோசை கிடைக்கும் என்று எல்லாம் விசாரிக்கிறோம். மூட்டைப்பூச்சியைப் பற்றிக் கேட்க மட்டும் கூச்சம். அதெல்லாம் ஊரில் பழைய தியேட்டர் நாற்காலியோடு ஒழிந்தது என்று நினைப்பு. ஒழியவில்லை. 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரமே இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. வட அமெரிக்க நகரங்களும் விதிவிலக்கில்லை. நட்சத்திர ஹோட்டல், மலிவு மோட்டல் என்று அது பார்ப்பதில்லை. ஆள் படுக்க ஓர் இடம், ஒளிய ஓர் இடுக்கு இருந்தால் போதும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. அதற்குப் பறக்கத் தெரியாது, தாவவும் தெரியாது. பெரும்பாலும் நம் பெட்டியில் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறது. ஆகவே கவனம் முழுக்கப் பெட்டியின் மேல் இருக்கட்டும்.

ஹோட்டல் அறைக்குள் போனதும் பெட்டியைப் படுக்கையில் போடாதீர்கள், கார்ப்பெட்டிலும் வைக்காதீர்கள். நேராகக் குளியலறை டைல்ஸ் தரையில் வையுங்கள். பிள்ளைகளையும் கட்டிலில் குதிக்க விடாமல் பத்து நிமிடம் பிடித்து வையுங்கள் (இதுதான் கஷ்டம்). பிறகு போன் டார்ச்சைப் போட்டு, தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உருவி மெத்தையின் தையல் ஓரங்களைப் பாருங்கள். தூங்கும்போது நாம் விடும் மூச்சும் உடல் சூடும்தான் அதை இழுக்கின்றன, அதனால் தலைமாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. மெத்தையைத் தாங்கும் பெட்டி போன்ற அடிப்பாகம் (பாக்ஸ் ஸ்பிரிங்), கட்டிலின் தலைப்பலகை இடுக்கு, பக்கத்துச் சிறு மேசை, சோபா மடிப்பு எல்லாம் அடுத்தது.

வளர்ந்த பூச்சி 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், பழுப்பு நிறம், கண்ணுக்கே தெரியும். முட்டை 1 மி.மீ. வெள்ளை. பல சமயம் பூச்சி சிக்காது; அது விட்டுப்போன கறுப்புப் புள்ளிகளும் உரித்த தோலும்தான் சிக்கும். ஈரத் துணியால் தேய்த்தால் அந்தப் புள்ளி மை போல இழுபடும். கண்டால் போட்டோ எடுத்து வரவேற்பில் காட்டி அறை மாற்றிக் கேளுங்கள். பக்கத்து அறையோ நேர் மேல், கீழ் அறையோ வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு ஹோட்டல் கிடைத்தால் இன்னும் நல்லது.

உடம்பில் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிலருக்குக் கடித்தாலும் ஒன்றும் தெரியாது. சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் அரிக்கும்.

தங்கும் நாட்களில் அழுக்குத் துணியைத் தரையில் போடாமல், இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். மனித வாடை உள்ள அழுக்குத் துணியை மூட்டைப்பூச்சி தேடிப் போகிறது என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டியிருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியதுதான் முக்கியம். பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் வாசலிலேயே திறவுங்கள். துணிகளை மூடிய பையில் லாண்டரிக்கு எடுத்துப்போய், துவைக்கும் முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் அது சாகாது, கொல்வது சூடுதான். காலிப் பெட்டியின் தையல், ஜிப், சக்கர இடுக்குகளில் வாக்வம் பிடித்து, அந்தக் குப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள்.

பட்டுப் புடவையை டிரையரில் போட முடியாதே என்று கேட்பீர்கள். பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 4 நாள். பால்கனியில் பனி கொட்டுகிறதே, அங்கே வைத்தால் போதாதா என்றால், போதாது. வெளிக் குளிர் ஏறி இறங்கும், பூச்சி தாக்குப்பிடித்துவிடும்.

அப்புறமும் சந்தேகம் என்றால், கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் கடையில் கிடைக்கின்றன. எறும்புக்குப் பயந்து பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே வேலை. ஏற வரும் பூச்சி உள்ளே மாட்டிக்கொள்ளும். ஸ்ப்ரே வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அது பழகிவிட்டது. அறை முழுக்க மருந்துப் புகை விடும் டப்பா வாங்கினாலும், அந்தப் புகை இடுக்குக்குள் போய்ச் சேராது. மண்ணெண்ணெய் வைத்தியம் மர வீட்டில் கூடவே கூடாது.

உண்மையிலேயே வந்துவிட்டால் மறைக்காதீர்கள். ஒண்டாரியோவில் வாடகை வீட்டில் பூச்சியை ஒழிக்க ஏற்பாடு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, பேஸ்மெண்ட் என்றாலும்தான். மின்னஞ்சலில் எழுதித் தெரிவியுங்கள். அசையவில்லை என்றால் டொராண்டோவில் நகராட்சியின் உதவி எண்ணான 311க்கு அழைக்கலாம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தாலும் இதே நடைமுறைதான். பெட்டியைக் கட்டிலில் விரித்துப் பலகாரம் பங்கு போடுவது நம் வழக்கம். அதை ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டிலை எடுத்த கையோடு துணிகளை டிரையருக்கு அனுப்பிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் பூச்சிப் பேச்சை எடுக்காதீர்கள், "விமானத்துல வந்த துணிம்மா" என்று சொல்லிச் சமாளியுங்கள்.