பள்ளி கண்டுகொள்ளவில்லை, அடுத்து யாரிடம் போவது?

கேள்வி (கோத்தகிரி, ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா):
ஸ்கூல் பஸ்ஸின் கடைசி சீட்டில் பெரிய பையன்கள் சிலர் என் மகனின் ஸ்வெட்டரைப் பிடுங்கித் தண்ணீர் ஊற்றித் தருகிறார்கள். டிசம்பர் குளிரில் அதைப் போட்டுக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றுவலி ஆரம்பித்துவிடுகிறது. தலைமையாசிரியரோ, "பசங்க விளையாட்டும்மா, பெரிசு பண்ணாதீங்க" என்கிறார். வீட்டுக்காரருக்கு டீ பேக்டரியில் நைட் ஷிப்ட். நான்தான் அலைய வேண்டும். வேறு எங்கே சொல்வது?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியை):
வாயால் சொன்னது காற்றோடு போச்சும்மா. தேதி, நடந்தது, பார்த்தவர் யார் எல்லாம் எழுதி மனுவாகக் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் அதே நகலோடு ஊட்டிக்குப் போய் முதன்மைக் கல்வி அலுவலரைப் பாருங்கள். 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கான எண். 1098-க்குப் பையனே பேசலாம்.

பதில் (கூடலூர்):
பஸ் டிரைவரிடம் பேசினீர்களா அக்கா? எங்கள் பொண்ணை அவருக்குப் பின்னால் உட்கார வைத்ததிலேயே பாதி தொல்லை விட்டது. அந்தப் பையன்கள் வீட்டுக்கு மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள், பழி உங்கள் மேல் திரும்பும்.

கேட்டவர்:
மனு எழுதிவிட்டேன். பெயரைச் சொன்னால் இன்னும் அடிப்பார்கள் என்று அழுகிறான். எழுதலாமா?

பதில் (குன்னூர்):
எழுதுங்கள், ஆனால் அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். தெரியாமல் செய்தால் அடுத்த தடவை உங்களிடமே வாய் திறக்க மாட்டான். வயிற்றுவலிக்கு டாக்டரையும் பாருங்கள். அவர் எழுதித் தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.