எண்பதுகளில் கட்டிய வீடு: மொசைக் தரை, ஷோகேஸ், வென்டிலேட்டர் ஆகியவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

வைகைவாசி கேட்டது:

மதுரையில் என் பெற்றோர் 1984-இல் கட்டிய வீட்டைப் புதுப்பிக்க இருக்கிறோம். கூடத்தில் இளம்பச்சை மொசைக் தரை இருக்கிறது. பெரிய கட்டங்களாகப் பிரித்து, இடையில் மெல்லிய கண்ணாடிப் பட்டைகள் வைத்திருக்கிறார்கள். படுக்கையறைகளில் சிவப்பு ஆக்சைடு தரை, சமையலறையில் கடப்பா கல் மேடை, கூடத்துச் சுவரில் பதித்த கண்ணாடிக் கதவு ஷோகேஸ், எல்லா அறைகளிலும் உத்தரத்தை ஒட்டி வென்டிலேட்டர் என்று அந்தக் காலத்து வீட்டின் அடையாளங்கள் அனைத்தும் அப்படியே உள்ளன.

மொசைக்கின் மேலேயே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டி, வென்டிலேட்டர்களை அடைத்து, ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் வீடு புதிதாகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். அண்ணனுக்கு அதில் முழுச் சம்மதம். அம்மாவோ தரையில் கை வைக்கக் கூடாது என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்தப் பத்தாண்டின் உள் அலங்காரத்தில் யோசித்துச் செய்தவை எவை, வேறு வழியில்லாமல் செய்தவை எவை என்று அறிந்தவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

சாரக்கட்டு எழுதியது:

நண்பரே, கட்டட மேற்பார்வையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தரையை மூட வேண்டாம். கண்ணாடிப் பட்டை வைத்த கட்டங்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதால், அது வில்லைகளாக வாங்கிப் பதித்த மொசைக் அன்று. அந்த அறையிலேயே வார்த்த தரை. இன்று அந்த வேலையைச் செய்யச் சொன்னால் ஆள் கிடைப்பதே அரிது.

அது எப்படி உருவானது என்று தெரிந்தால் அதன் மதிப்பும் தெரியும். அடியில் சிமெண்ட் காரை பரப்பி, அது முழுதும் இறுகுவதற்குள் வெள்ளை சிமெண்டில் பச்சை நிறத்தூளும் சலவைக்கல் சில்லுகளும் கலந்து மேல்பூச்சாக இட்டு, சில்லுகள் நெருக்கமாக அமரும்வரை தட்டி உருளை ஓட்டுவார்கள். சிமெண்ட் காயும்போது சுருங்கி வெடிக்கும் என்பதால்தான் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துப் பட்டை வைத்தார்கள். அது அழகுக்காக மட்டும் வைத்ததன்று. ஒரு வாரம்போல் ஈரம் காய விடாமல் வைத்திருந்து, பிறகு கார்போரண்டம் கல் பூட்டிய இயந்திரத்தைத் தண்ணீர் விட்டு ஓட்டுவார்கள். முதல் தேய்ப்பில் மேலே படிந்த சிமெண்ட் பால் நீங்கிச் சில்லுகளின் முகம் தெரியும்; கூடவே குண்டூசித் தலை அளவில் துளைகளும் தெரியும். அவற்றை அதே நிறச் சிமெண்ட் கரைசலால் அடைத்து, காயவிட்டு, இன்னும் நுண்ணிய கல்லால் மீண்டும் தேய்த்து, கடைசியில் ஆக்சாலிக் அமிலமும் மெழுகும் கொடுத்து மெருகேற்றுவார்கள். நிறமும் சில்லும் மேல்பூச்சின் கனம் முழுவதும் இருப்பதால், நாற்பது ஆண்டுகள் நடந்து மங்கிய தரையைக்கூட மறுபடி தேய்த்துப் புதுப்பிக்க முடியும். மேற்பரப்பில் மட்டும் மெருகு உள்ள டைல்ஸில் இதைச் செய்ய இயலாது.

டைல்ஸ் ஒட்டுவதால் இன்னொரு சிக்கலும் வரும். வழவழப்பான மொசைக்கில் பிடிமானம் இருக்காது என்பதால் முதலில் அதைக் கொத்திவிடுவார்கள். ஆக, பின்னாளில் மனம் மாறினாலும் பழைய தரை திரும்பக் கிடைக்காது. ஒட்டும் கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை மட்டத்தை உயர்த்துவதால் தேக்குக் கதவுகளின் அடிப்பாகத்தை அறுக்க வேண்டியிருக்கும், குளியலறை வாசலில் மட்டம் மாறும். மறுமெருகு போடுவதானால், சுவரில் உடைக்கும் வேலைகள் முடிந்த பிறகு, வண்ணம் பூசும் முன் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது வரும் சேற்றுநீர் சுவரெல்லாம் தெறிக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கறை நீக்க ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது சலவைக்கல்லையும் சிமெண்டையும் சேர்த்தே அரித்துவிடும்.

சிவப்பு ஆக்சைடு தரையின் இயல்பு வேறு. அதில் நிறப்பூச்சு மெல்லியது, கரணையால் தேய்த்துத் தேய்த்து வரவழைத்த மினுமினுப்பு. இயந்திரம் ஓட்டினால் போய்விடும். நன்றாகக் கழுவி மெழுகோ தேங்காய் எண்ணெயோ லேசாகத் தேய்ப்பதே போதும். விரிசலுக்கு ஒட்டுப் போட்டால் நிறம் பொருந்தாமல் தனியாகத் தெரியும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பொருநைக்கரை எழுதியது:

தரையைப் பற்றி ஐயா சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். நான் ஷோகேஸைப் பற்றியும் சமையலறையைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

எண்பதுகளின் கூடத்தைத் திருப்பிப் போட்டது தொலைக்காட்சி. அதற்கு முன் நாற்காலிகள் வாசலையோ திண்ணையையோ பார்த்திருந்தன. ஈசிசேரும் ஊஞ்சலும் காற்று வரும் திசையில் இருந்தன. சென்னையில் 1975-இல் தூர்தர்ஷன் தொடங்கினாலும் எங்கள் தென்மாவட்டங்களுக்கு அது எட்டவில்லை. 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி வந்ததும், உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தவர்கள் பலர். கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் இந்தியாவின் நிகழ்ச்சிகள் தெளிவாகத் தெரிந்தன. சாலிடேர், டயனோரா போன்ற சென்னைத் தயாரிப்புகள் இழுத்து மூடும் மரக் கதவோடு வந்தன. அதன் மேல் வீட்டுப் பெண்கள் பூவேலை செய்த துணி ஒன்று, துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்று. எல்லா இருக்கைகளும் அந்த ஒரு சுவரை நோக்கித் திரும்பின. திரையில் வெளிச்சம் படுகிறதென்று பகலிலேயே சன்னல்களைச் சாத்தத் தொடங்கியதும் அப்போதுதான்.

ஷோகேஸ் அந்தச் சுவரிலோ அதற்குப் பக்கத்துச் சுவரிலோ இருக்கும். ஒட்டுப்பலகையில் சன்மைக்கா ஒட்டி, அடியில் தடம் வைத்து, இரண்டு கண்ணாடிகள் ஒன்றன் பின் ஒன்றாக நகரும்; தள்ளுவதற்குக் கண்ணாடியிலேயே விரல்நுனி பதியும் அளவு ஒரு குழி கடைந்திருப்பார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, கன்னியாகுமரியில் வாங்கிய சங்குச் சிற்பம், பிள்ளைகள் பள்ளியில் வென்ற கோப்பை, வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து இன்னும் திறக்கப்படாத வாசனைத் திரவியப் புட்டி ஆகியவற்றை அதில் பார்க்கலாம். வீட்டுக்கு வருபவரிடம் குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அறிமுகவுரை அது. இன்றைய கூடங்கள் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கிய பொருள்களால் நிரம்பி, யார் வீடு என்றே தெரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது, அந்த ஷோகேஸை நான் மிகவும் மதிக்கிறேன். பலகையில் செல் அரித்திருந்தால் பலகையை மாற்றுங்கள், ஷோகேஸ் அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் அந்தக் கால வீடுகளைப் புகழும்போது சமையலறையை யாரும் நினைப்பதில்லை. கூடத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதிகூட அதற்குக் கிடைக்காது. பின்கோடியில், ஒரே சன்னலோடு, புகை போக வழியின்றிக் கட்டினார்கள். மேடையின் உயரத்தைக் கொத்தனார் தன் வழக்கப்படி வைத்தார். நாள் முழுதும் அங்கே நிற்பவரிடம் யாரும் கேட்கவில்லை. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை என்பதால் எலுமிச்சை, புளி பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போகும்; அதைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள் நம் தாய்மார்கள். தரையைக் காப்பாற்றச் சொன்ன உங்கள் அம்மாவிடம், சமையலறையில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டீர்களா? அந்த ஓர் அறையில் பழமையைக் காக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மின்கம்பி எழுதியது:

இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்கிறேன். 1984-இல் கட்டிய வீடு என்றால், சுவரின் மேல் மரப்பட்டையில் ஓட்டிய வயரிங்கும் மரப்பெட்டியில் கறுப்பு பேக்லைட் சுவிட்சுகளும் இன்னும் இருக்கக்கூடும். அழகாக இருக்கிறதென்று அவற்றை வைத்துக்கொள்ளாதீர்கள். எர்த் கம்பி பல இடங்களில் இருக்காது. ஏசி, கீசர் ஆகியவற்றின் பளுவை அந்தப் பழைய வயரிங் தாங்காது. கம்பி முழுவதையும் மாற்றிவிட்டு, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்துங்கள்.

இரண்டாவது, சன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் உள்ள பழைய எனாமல் பெயின்ட். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்கு என்று கட்டுப்படுத்திய விதிகள் 2016-இல்தான் வந்தன. அதற்கு முந்தைய பூச்சை உலர்நிலையில் சுரண்டினால் ஈயம் கலந்த தூள் வீடெங்கும் படியும். ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளை வேறிடத்தில் தங்க வையுங்கள்.

வென்டிலேட்டரைப் பொறுத்தவரை, மேலே ஏறும் வெப்பக் காற்று வெளியேற அதுவே வழி. மதுரை வெயிலில் அதை அடைத்து, அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால், ஏசி ஓடாத நேரத்தில் உட்கார முடியாது. கொசுவலை அடித்து, ஏசி போடும் அறையில் மட்டும் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு வைத்தால் போதுமானது.

வைகைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் கேட்டேன். மேடையை உயர்த்த வேண்டும், கடப்பா கல்லை எடுத்துவிட்டுக் கிரானைட் போட வேண்டும், சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவரில் பாதியைத் திறந்துவிட வேண்டும் என்று ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தவர்போல் உடனே சொல்லிவிட்டார். ஷோகேஸ் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அதை எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணனும் ஒப்புக்கொண்டார்.

சாரக்கட்டு எழுதியது:

மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சுவரைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அக்காலத்துத் தனி வீடுகளில் தூண்கள் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களே மேல்தளத்தைத் தாங்குவது வழக்கம். உங்கள் சுவரும் ஒன்பது அங்குலம் என்றால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள். திறப்பின் மேல் உத்தரம் கொடுத்து, அது இறுகும்வரை முட்டுக் கொடுத்த பிறகே உடைக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் பெரும்பாலும் அது தடுப்புச் சுவராகவே இருக்கும், ஆனாலும் மேலே சுவர் எதுவும் அதன் மீது நிற்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். உடைக்கும் நாட்களில் மொசைக்கின் மேல் பழைய சாக்குகளை விரித்து, அதன் மேல் பலகை போட்டு வையுங்கள்.